கானகத்தின் உணவு வலை

காடு என்று சொன்ன அளவிலே சிறுவர் உள்ளத்தில் எழுவது புலியின் உருவமே. கரும்பலகையிலும் நாம் அதற்கேற்பவே எழுதுகிறோம்: புல், மான், புலி; இடையே இரண்டு அம்புக்குறிகள். தேர்வுக்கு இது போதும். காட்டை அறியப் போதாது. 'புலி செத்தால் அதை யார் தின்பார்கள், ஐயா?' என்று என் மாணவன் ஒருவன் முன்பு கேட்டான். அக்கேள்விக்கு அந்தப் படத்தில் இடமே இல்லை.

மாணவர்களே, ஆனைமலைக் காட்டில் நிற்கும் ஓர் அத்திமரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அத்தி பூவாமலே காய்க்கும் என்பர். உண்மையில் அதன் பூக்கள் காய்க்குள்ளேயே மறைந்திருக்கின்றன. எறும்பினும் சிறிய ஒரு குளவி உள்ளே நுழைந்து மகரந்தம் சேர்க்கிறது. சில பூக்களில் முட்டையும் இடுகிறது. பிற கனிகள் அருகிய நாட்களிலும் காட்டில் எங்கேனும் ஓர் அத்தி பழுத்திருக்கும். அக்கனியை நாடி இருவாட்சிப் பறவை வருகிறது. அதன் பெடை மரப்பொந்தினுள் புகுந்து வாயிலை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். சேவல் சிறு பிளவு வழியே கனி ஊட்டும். விதைகளோ தொலைவில் சென்று விழும். சிங்கவால் குரங்கும் வௌவாலும் அம்மரத்திலேயே பசியாறுகின்றன. உதிர்ந்தவற்றை மான் உண்ணும். மானைப் புலியும் செந்நாயும் உண்ணும். புலி மாண்டபின் புழுவும் வண்டும் காளானும் அதனை மண்ணாக்க, அத்தியின் வேர் அதை உறிஞ்சுகிறது. தான் கண்டிராத குளவிக்கும் புலி கடன்பட்டது அன்றோ!

இங்கிலாந்து அறிஞர் சார்லஸ் எல்ட்டன் 1927-இல் வெளியிட்ட நூலில் இத்தகைய பிணைப்பை 'உணவு வட்டம்' என்றார். இன்று நாம் வழங்கும் பெயர் உணவு வலை.

இதனைக் கற்பிக்க ஒரு நூலுருண்டை போதும். பிள்ளைகளை வட்டமாக நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் ஓர் உயிரின் பெயரிட்டு, உண்பவரையும் உணவையும் நூலால் இணையுங்கள். பின்னர்க் குளவி தன் நூலை விடட்டும். யார் கையில் நூல் தளர்ந்தது என்பதைப் பிள்ளைகளே சொல்லவேண்டும். ஆசிரியர் வாய்திறத்தல் ஆகாது. ஓர் உயிர் போனால் காடே உடனே அழியும் என்று அச்சுறுத்துவதும் எனக்கு உடன்பாடன்று. மானுக்கு வேறு தழை கிடைக்கலாம். ஆனால் அத்திக்குத் தனக்குரிய குளவியின் இடத்தை நிரப்ப வேறொன்று எளிதிற் கிட்டாது. இவ்வேறுபாட்டைப் பிள்ளைகள் உணர்ந்தால் பாடத்தில் பாதி முடிந்தது.

மலை காணாத ஊர்ப் பள்ளிக்கும் குறையில்லை. வேம்பினடியில் குவிந்த ஈரச் சருகில் ஒரு பிடியை வெள்ளைத்தாளில் கொட்டுங்கள். மரவட்டை, சிலந்தி, பூஞ்சையின் வெண்ணிழை எனப் பலவும் வெளிப்படும். அக்குவியலைக் கொளுத்திவிட வேண்டாவென்று பள்ளிப் பணியாளரிடம் முதல்நாளே சொல்லிவைப்பது நலம்.