இலவச டேட்டாவும் பழைய பாஸ்புக்கும்

"எங்கள் வங்கியில் கணக்குத் தொடங்குங்கள், இன்டர்நெட் டேட்டா இலவசம்" என்கிறார்கள். மாறலாமா? தாராளமாக மாறலாம். ஆனால் பழைய கணக்கை அப்படியே விட்டுவிட்டுப் போகக் கூடாது.

பால்காரரிடம் சொல்லாமல் வீடு மாறினால் என்ன ஆகும்? பழைய வாசலில்தான் பால் பாக்கெட் கிடக்கும். கணக்கும் அப்படித்தான். இன்ஷூரன்ஸ் பிரீமியம், வண்டிக் கடன் தவணை எல்லாம் பழைய கணக்கைத்தான் தேடிப் போகும். அங்கே பணம் இல்லையென்றால் அபராதம்.

இன்னொன்று. ஆதாரைப் பல கணக்குகளில் கொடுத்திருப்போம். ஆனால் ஆதார் வழியாக வரும் கேஸ் மானியம் ஒரே கணக்குக்குத்தான் போகும். மானியத்துக்கென்று கடைசியாக எதை இணைத்தோமோ, அதற்கு. மானியம் வரவில்லை என்று கேஸ் ஏஜென்சிக்கு ஓடுவதற்கு முன், எந்தக் கணக்கை இணைத்தோம் என்று பாருங்கள்.

2 வருடம் நாம் வரவு செலவு செய்யாத கணக்கு முடங்கிவிடும். மறுபடி திறக்க, அடையாளச் சான்றுகளை வங்கிக்குக் கொடுக்க வேண்டும்.

ஆகவே, முதலில் தவணைகளை மாற்றுங்கள். மானியத்தை மாற்றுங்கள். பிறகு பழைய கணக்கை எழுதிக் கொடுத்து மூடுங்கள். அதன் பிறகு இலவச டேட்டாவை நிம்மதியாக அனுபவியுங்கள்.