அரை அங்குலத்தில் ஓர் அடி
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மேசைமேல் இருக்கும் இந்த மர விமானத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இது 'சாப்வித் கேமல்'. 1916 டிசம்பரில் முதன்முதலாகப் பறந்த பிரிட்டிஷ் போர் விமானம். அதன் இறக்கை விரிவு 28 அடி. ஓர் அடிக்கு அரை அங்குலம் என்று கணக்கு வைத்ததால், இது 14 அங்குலம்.

"கடையிலே கிட் கிடைக்குதே, ஒட்டினாப் போதாதா?" என்று பலர் கேட்கிறார்கள். கிட்டில் இருப்பது வேறொருவர் யோசித்து வெட்டிய துண்டுகள். வெறும் வரைபடத்திலிருந்து தொடங்கினால், ஏன் இந்த வடிவம் என்று ஒவ்வொரு துண்டுக்கும் நாமே விடை தேட வேண்டும்.

இந்த இறக்கைகளைப் பாருங்கள். கீழ் இறக்கை இரு பக்கமும் 5 டிகிரி மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. மேல் இறக்கை மட்டமாக இருக்கிறது. காரணம், தொழிற்சாலையில் செய்வதற்குச் சுலபம்! மாடலில் அந்தச் சாய்வு வர, நுனியில் அரை அங்குலத்துக்குச் சற்றே அதிகமான முட்டுக் கொடுத்துத்தான் கீழ் இறக்கையை ஒட்டினேன்.

நிஜ விமானத்தில் மரச்சட்டம், அதற்குக் குறுக்குக் கம்பிகள், மேலே லினன் துணி. என்னுடையதில் சட்டத்துக்குப் பேக்கிங் பெட்டிப் பலகை, தாங்கு குச்சிகளுக்கு மூங்கில். மூங்கில் நாரோட்டத்தில் நேராகப் பிளக்கும். உப்புத்தாளில் எவ்வளவு மெல்லிசாகத் தேய்த்தாலும் சட்டென்று ஒடியாது. துணிக்குப் பதில் டிஷ்யூ பேப்பர். ஒட்டி, லேசாகத் தண்ணீர் தெளித்தால், காயும்போது மத்தளத் தோல் மாதிரி இறுகும். அப்போது சட்டத்தையே முறுக்கப் பார்க்கும். அதனால் காயும்வரை பலகையில் குண்டூசி குத்தி வைக்க வேண்டும். குறுக்குக் கம்பிகள் எதற்கு என்பது அப்போது விரலுக்கே புரிந்துவிடும்.

முன்பகுதிக்கு வருவோம். எஞ்சின், இரண்டு துப்பாக்கிகள், விமானி, பெட்ரோல் டாங்க் எல்லாம் நிஜத்தில் முதல் 7 அடிக்குள். என் மாடலில் மூன்றரை அங்குலம். 9 சிலிண்டர்களும் புரொப்பெல்லரோடு சேர்ந்தே சுழலும் ரோட்டரி எஞ்சின் அது. பம்பரம் மாதிரிதான். வலப்பக்கம் திரும்பினால் மூக்கு கீழே இறங்கும். இடப்பக்கம் திரும்பினால் மேலே ஏறும். தேர்ந்தவன் கையில் அது வேகமாகத் திரும்பும் வரம்; புதியவனுக்கு எமன். பயிற்சியிலேயே பல இளைஞர்கள் மாண்டார்கள். பிறகு பயிற்சிக்கென்றே இரட்டை இருக்கைக் கேமலும் வந்தது.

இதை ஓட்டியவர்களில் நம் நாட்டவர் ஒருவரும் உண்டு. ராவல்பிண்டியில் பிறந்த ஹர்தித் சிங் மாலிக். 1917-ல் காலில் குண்டடி பட்டும் பிழைத்தார். பின்னாளில் சுதந்திர இந்தியாவின் தூதராகப் பிரான்சில் பணியாற்றினார்.

தம்பி தங்கைகளே, கம்ப்யூட்டரில் எதையும் சுழற்றிப் பார்க்கலாம், அது அவசியம்தான். ஆனால் இந்தப் பிரம்பு இருக்கையைக் கையால் பின்னி உள்ளே வைத்தபோதுதான், அங்கே உட்காரப்போவது இருபது வயதுப் பையன் என்பது எனக்கு உறைத்தது. நாம் போடும் எந்த டிராயிங்கிலும், அதை நம்பி ஒருவர் உட்காரும் இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தை முதலில் தேடுங்கள்.

வரைபடத்தின் நகல்களைக் கொண்டுவந்திருக்கிறேன். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். ஒரு பலகை, ஒரு பிளேடு, நாலு உப்புத்தாள் போதும். பொறுமை மட்டும் கடையில் கிடைக்காது!