மாலையில் வாங்குங்கள் ஷூவை

நைட் டூட்டி முடித்த நர்ஸ் அக்கா ஒருவர், காலை பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்ததும் ஷூவைக் கழற்றினார். கணுக்காலைச் சுற்றி சாக்ஸ் தடம் பள்ளமாகப் பதிந்திருந்தது. சுண்டுவிரலில் பிளாஸ்திரி. பார்க்கவே மனசு வலித்தது.

12 மணி நேரம் நின்றால் காலில் நீர் இறங்கிப் பாதம் வீங்கும். வாங்கும்போது கச்சிதமாக இருந்த ஷூ நள்ளிரவில் கடிப்பது அதனால்தான். ஆகவே கடைக்கு மாலையில் போங்கள், டூட்டிக்குப் போடுகிற அதே சாக்ஸோடு. நின்று பாருங்கள், நாலு எட்டு நடந்தும் பாருங்கள். இரண்டு பாதமும் ஒரே அளவாக இருப்பது அபூர்வம். பெரிய பாதத்துக்கே வாங்குங்கள். விரல் நுனிக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும்.

முன்பக்கம் மூடியதாகவே வாங்குங்கள். வார்டில் ஊசி தவறி விழுந்தால் குத்துவது பாதத்தில்தான்.