சீட்டில் கொட்டிய ஃபினாயில்

மளிகைப் பையோடு காரின் பின் சீட்டில் வைத்த ஃபினாயில் பாட்டில் ஒரு வேகத்தடையில் சாய்ந்து, மூடி கழன்றால் போதும். உள்ளே உட்காரவே முடியாது. பதற்றத்தில் வாளித் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். அது ஃபினாயிலைத் துணிக்கு அடியிலுள்ள ஸ்பாஞ்சுக்குள் இறக்கிவிடும். பிறகு வெயில் ஏறும்போதெல்லாம் வாடை கிளம்பும்.

முதலில் கதவுகளைத் திறந்து வையுங்கள். பழைய பருத்தித் துணியால் அழுத்தி ஒற்றி எடுங்கள், தேய்த்தால் பரவும். ஃபினாயிலில் எண்ணெய் உண்டு. அதனால் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு கலந்த நீரில் துணியை நனைத்து, பிழிந்து, ஒற்றுங்கள். பின் வெறும் நீரில் நனைத்த துணியால் சோப்பை எடுங்கள். நிழலில் காற்றோட்டமாக முழுக்கக் காயவிடுங்கள், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். காய்ந்ததும் சமையல் சோடாவைத் தூவி, ஓர் இரவு விட்டு, வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள்.

கொட்டியது ப்ளீச்சிங் திரவமா? இதைக் கவனமாகக் கேளுங்கள். வாடை போக்க அதன்மேல் வினிகரோ, எலுமிச்சைச் சாறோ ஊற்றவே கூடாது. கழிப்பறை கழுவும் ஆசிட்டும் அதோடு சேரக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். காருக்குள் அது மூச்சையே அடைக்கும், நுரையீரலைப் புண்ணாக்கும். கையுறை போட்டு, வெறும் தண்ணீர்த் துணியால் பலமுறை ஒற்றி எடுங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

அடுத்த முறை இந்த பாட்டில்களை ஒரு வாளிக்குள் நிமிர்த்தி வைத்து, டிக்கியில் கொண்டு வாருங்கள். ஆசிட்டும் ப்ளீச்சும் தனித்தனி வாளியில்.