தொட்டிலும் பருவமும்



இயலும் இசையும் முழங்கும் ஆண்டு விழா மேடையில் பெண்மக்களின் பூப்பைப் பற்றிப் பேச வந்துள்ளேன். இது மேடைக்குரிய பொருளா எனச் சிலர் தயங்கலாம். நீராட்டு விழாவுக்கு அழைப்பிதழ் அச்சிட்டு ஊரைக் கூட்டும் நாம், அப்பூப்பின் இயல்பை அறிய மட்டும் நாணுவது பொருந்துமா?

நம் பாட்டியல் நூல்கள் பெண்ணின் பருவங்களை ஏழாக வகுத்தன. 5 முதல் 7 வயது வரை பேதை. 8 முதல் 11 வரை பெதும்பை. 12, 13 மங்கை. இன்றைய மருத்துவமும் 8 வயதிற்கும் 13 வயதிற்கும் இடையே பருவமாற்றத்தின் முதல் அடையாளம் தோன்றுவதே இயல்பு என்கின்றது. மார்பு அரும்பிய பின் இரண்டு அல்லது இரண்டரை ஆண்டுகளில் பூப்பு நிகழ்வது பெரும்பான்மை வழக்கு.

"பத்து வயதிலேயே பெரியவளாகி விட்டாள், எல்லாம் சினிமாவும் செல்பேசியும் செய்த வேலை" என்று நம் குடியிருப்புகளில் பேசக் கேட்கிறோம். அப்பேச்சைக் கேட்டுத் தலைகுனிந்து நிற்பவள் ஒரு சிறுமி. அவள் செய்த பிழை யாது? பூப்பு வரும் காலத்தில் பாதியளவோ அதற்கு மேலோ மரபினால் அமைகின்றது என்பர் அறிஞர். எஞ்சியவற்றுள் ஒரு பகுதி, அவள் பேசக் கற்குமுன் பெற்ற வளர்ச்சியினால் அமைகின்றது. இவ்வுண்மையையே இன்று தங்கள்முன் வைக்க விழைகின்றேன்.

சான்றுகள் சில காண்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடையில் வட ஐரோப்பியப் பெண்கள் ஏறத்தாழ 16 வயதிலோ அதற்குப் பின்னரோ பூப்பெய்தினர். இருபதாம் நூற்றாண்டின் இடையில் அது 13 வயதை ஒட்டி வந்துவிட்டது. ஒரு நூற்றாண்டிற்குள் ஓர் இனத்தின் மரபு அவ்வளவு மாறிவிடாது. மாறியவை உணவும் உடல்நலமும் வாழ்க்கை நிலையுமே.

பிரிட்டனில் 1946ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளை ஆய்வாளர் பல்லாண்டுகள் தொடர்ந்து கண்காணித்தனர். அப்பெண்களைப் பற்றி 1996இல் வெளிவந்த ஆய்வு, 7 வயதில் எடை மிகுந்திருந்தோர் முன்னதாகப் பூப்பெய்தினர் என்று காட்டியது. ஆனால் 7 வயதில் ஒத்த உடலமைப்பு உடையவர்களுள், பிறக்கும்போது எடை மிகுந்திருந்தோர் சற்றுப் பின்னரே பூப்பெய்தினர். அஃதாவது, சிறியதாய்ப் பிறந்து விரைந்து பெருகிய உடலே முந்திக்கொண்டது. பிரிஸ்டல் வட்டாரத்தில் 1991, 1992ஆம் ஆண்டுகளில் பிறந்தோரை ஆராய்ந்தவர்களும், முதல் ஒன்பது மாதங்களில் விரைந்து எடை கூடிய பெண்குழந்தைகள் முன்னதாகப் பூப்பெய்தியதைக் கண்டனர்.

நம் நாட்டுக் குழந்தைகள் தந்த சான்றும் உண்டு. இந்தியாவிலிருந்து சுவீடன் நாட்டவர் தத்தெடுத்துச் சென்ற 107 பெண்களைப் பற்றிய ஆய்வு 1991இல் வெளிவந்தது. சென்று சேர்ந்தபோது அவர்களுட் பலர் வளர்ச்சி குன்றி இருந்தனர். அங்கே நல்லுணவு பெற்று விரைந்து வளர்ந்தனர். ஆயினும் அவர்கள் பூப்பெய்திய இடைநிலை வயது 11.6, சுவீடன் பெண்களுக்கோ அது ஏறத்தாழ 13. பூப்பு முந்தியதால் வளர்ச்சியும் முன்னரே நின்றது. முதிர்ந்த பின் அவர்களின் சராசரி உயரம் 154 செ.மீ. அளவிலேயே அமைந்தது. குழவிப் பருவத்துப் பசியும் அதன்பின் வந்த விரைவான வளமும் சேர்ந்து பருவத்தை முந்தச் செய்தன என்பது ஆய்வாளர் கருத்து.

இஃது எவ்வாறு நிகழ்கின்றது? பருவத்தைத் தொடங்கும் ஆணை மூளையிலிருந்து பிறக்கின்றது. உடலில் போதிய இருப்பு உண்டா என மூளை அறிய வேண்டும். 1994இல் கண்டறியப்பட்ட லெப்டின் என்னும் ஹார்மோன் கொழுப்புத் திசுவில் சுரந்து அச்செய்தியைத் தெரிவிக்கின்றது. லெப்டின் ஒன்றே பருவத்தைத் தொடங்கிவிடாது. அது மூளைக்குக் கிட்டும் இசைவு போன்றது. பருவம் தொடங்கியபின் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் எலும்பின் வளர்முனைகளை மெல்ல மூடுகின்றது. ஆகையால் பூப்பிற்குப் பின் உயரம் சில சென்டிமீட்டர்களே கூடும்.

இவற்றைக் கேட்டு எந்தத் தாயும் குழந்தையின் உணவைக் குறைத்துவிட வேண்டா. பசியால் தள்ளிப்போகும் பூப்பு நலத்தின் அறிகுறி அன்று. எடை குறைந்து பிறந்த குழந்தை தேறி வருவது உயிர் காக்கும் நற்செயல். நாம் வேண்டுவது சீரான வளர்ச்சி. கருவுற்ற தாய்க்கு நல்லுணவு, முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பின்னர் வீட்டில் ஆக்கிய இணையுணவு, மாதந்தோறும் எடை பார்த்து அட்டையில் குறித்தல் ஆகியவையே அதற்கு வழி. கொழுகொழுவென்ற குழந்தையே நலமுள்ள குழந்தை என்னும் எண்ணத்தால் சர்க்கரையும் மாவும் திணித்தல் தகாது.

பெற்றோர்க்கு மேலும் ஒரு வேண்டுகோள். 9 வயது நிரம்புமுன் மகளுக்கு உடலின் மாற்றங்களை அன்புடன் எடுத்துரையுங்கள். அறியாத சிறுமி குருதியைக் கண்டு நோய் என்றஞ்சி அழுவதைத் தடுக்க இதுவே வழி. 8 வயதிற்கு முன் மார்பு அரும்பினாலும், 13 வயதாகியும் எவ்வடையாளமும் தோன்றாவிடினும், 15 வயதாகியும் பூப்பெய்தாவிடினும் மருத்துவரை நாடுங்கள். தந்தையரும் இவற்றை அறிந்திருத்தல் வேண்டும். பிறந்த ஊரைவிட்டு வந்து வாழும் நமக்குப் பக்கத்தில் பாட்டியோ அத்தையோ இல்லாத வீடுகள் பல. ஆதலின் இப்பணியைச் சங்கத்து மாதர் பகுதியினரும் மேற்கொள்ளலாம்.

முன்னதாகப் பூப்பெய்திய சிறுமி உடலால் வளர்ந்திருப்பினும் உள்ளத்தால் பெதும்பையே. விளையாட்டை நிறுத்தாதீர்கள், பள்ளியை நிறுத்தாதீர்கள், பழிச்சொல் கூறாதீர்கள். அவள் தொட்டிலிற் கிடந்த காலத்தே தொடங்கிய ஒன்றிற்கு இன்று அவளைக் கணக்குக் கேட்பது அறமாகாது.