கத்தியா, குளிசையா?

பன்றி இறைச்சியைப் பலரும் தொடாத கல்முனையில், பன்றி நாடாப்புழுவைப் பற்றிப் பேசினால் "அது நமக்கெதுக்கு?" என்றுதான் கேட்பார்கள். நியூயோர்க்கின் வைதீக யூதர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். பன்றியை நாவில் படவிடாத அந்தச் சமூகத்தில் நால்வருக்கு வலிப்பு வந்தது. மூளையில் அதே புழுவின் குடம்பி இருந்தது. லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்த வீட்டுப் பணியாளர்கள் வழியாக, அவர்களே அறியாமல் அது தொற்றியிருக்கலாம் என்று 1992இல் வெளிவந்த ஆய்வு சொன்னது.

இரவுச் சாப்பாட்டு நேரத்தில் வானொலி கேட்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சரியாக வேகாத பன்றி இறைச்சி தின்றவரின் குடலில் வளர்வது புழு. அவர் மலத்தோடு வெளியேறும் முட்டை, கழுவாத கையிலோ சம்பலுக்கு அரியும் வல்லாரையிலோ ஒட்டி இன்னொருவர் வயிற்றுக்குள் போனால், குடம்பி இரத்தத்தில் ஏறி மூளையில் தங்கிவிடும். குவைத்திலும் இந்நோய் பதிவாகியிருக்கிறது. கல்முனைக்காரர் பலர் உழைக்கப் போகும் வளைகுடா நாடுதான் அது.

இந்நோய்க்குக் கத்தியா, குளிசையா?

பாதி விடை வேலூரில் கிடைத்தது. 1980களில் வலிப்போடு வந்தவர்களின் ஸ்கேனில் சின்ன வளையம் ஒன்று தெரியும். காசநோய்க் கட்டியென்று மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுப்பார்கள். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் குழுவினர் அவற்றை எடுத்துப் பரிசோதித்தபோது, பெரும்பாலானவற்றில் கண்டது செத்துக்கொண்டிருந்த நாடாப்புழுக் குடம்பியை. 20 மில்லிமீற்றருக்குள் அடங்கும் ஒற்றை வளையம், கை கால் பலவீனமோ மூளையழுத்தமோ இல்லாதவர் என்றால் மண்டையைத் திறக்கவே வேண்டாம் என்று அவர்கள் வரையறுத்தார்கள். பலருக்கு வலிப்பு மருந்தோடு சில மாதங்களில் அந்த வளையம் தானாக மறைந்தது. கத்தியே கத்தியைக் கீழே வைக்கச் சொன்ன விந்தை இது!

உயிரோடிருக்கும் குடம்பிக்கு அல்பெண்டசோல், பிராசிகுவாண்டல் என்ற புழுக்கொல்லி மருந்துகள். 2004இல் வெளியான பெரு நாட்டு ஆய்வில் 120 பேர் பங்கேற்றார்கள். பத்து நாள் அல்பெண்டசோலும் வீக்கம் தணிக்கும் டெக்ஸாமெதசோனும் பெற்றவர்களுக்கு, உடல் முழுவதும் இழுக்கும் வலிப்பு பெரிதும் குறைந்தது. வீக்க மருந்து சும்மா சேர்க்கப்பட்டதல்ல. குடம்பி உயிரோடிருக்கையில் ஆண்டுக்கணக்கில் உடல் அதைக் கண்டுகொள்வதில்லை. சாகும்போதுதான் மூளை கொதிக்கும். ஏற்கெனவே மூளை வீங்கிக் கிடப்பவருக்குப் புழுக்கொல்லி கொடுத்தால் ஆபத்து. கண்ணுக்குள் குடம்பி இருந்தால் பார்வைக்கே கேடு. ஆகவே கண்ணை முதலில் பார்க்க வேண்டும்.

மூளையின் நீரறைக்குள் குடம்பி அடைத்துக்கொண்டால் கதை மாறும். நீர் தேங்கித் தலை வெடிப்பதுபோல் வலிக்கும், வாந்தி வரும். அங்கே உள்நோக்கிக் குழாயால் அதை வெளியே எடுப்பதே முதல் தெரிவு. முடியாவிட்டால் தேங்கிய நீரை வயிற்றுக்கு இறக்கும் குழாய் பொருத்துவார்கள்.

நாயிலிருந்து தொற்றி மூளையில் வளரும் ஹைடடிட் நீர்க்கட்டி இன்னொரு வகை. அது உடைந்தால் உள்ளிருக்கும் திரவம் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையைக் கிளப்பும். டௌலிங் என்ற சத்திரசிகிச்சை நிபுணரின் முறையில், தலையைத் தாழ்த்தி, கட்டிக்கும் மூளைக்கும் நடுவே உப்புநீரை மெல்லச் செலுத்துவார்கள். முட்டை நழுவுவதுபோல் கட்டி முழுசாக வெளியே வந்துவிடும். அல்பெண்டசோல் அங்கே துணைக்குத்தான்.