அளவறிந்து ஊட்டுவோம்

(இளைஞர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது முதுமொழி. அமிர்தத்தின் பெயரைத் தாங்கிய அமிர்தகழியில் வாழும் நாம் அதனை மறத்தல் ஆகாது. மோட்டார் வண்டியின் பற்றரிக்கும் அம்மொழி முற்றும் பொருந்தும்.

நம் அன்பர் ஒருவர் வான் ஓட்டிப் பிழைப்பவர். அவர் பற்றரி ஓராண்டினுள் பழுதாயிற்று. கடன்பட்டுப் புதியது வாங்கினார். அதிலும் வாரந்தோறும் நீர் வற்றவே, நாம் அளந்து பார்த்தோம். எஞ்சின் ஓடும்போது பற்றரியின் முனைகளில் 15.6 வோல்ற்று நின்றது. குற்றம் பற்றரியில் அன்று. அதற்கு ஊட்டிய கையில் இருந்தது.

அந்தக் கைதான் அல்ரனேற்றர். எஞ்சினை எழுப்பப் பற்றரி செலவிட்ட மின்னை அதுவே திருப்பிக் கொடுக்கிறது. எஞ்சினின் பட்டியினால் சுழலும் மின்காந்தம், சூழவுள்ள செப்புக்கம்பிச் சுருள்களில் ஆடலோட்டத்தைப் பிறப்பிக்கும். மைக்கல் பரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதற்கு அடிப்படை. பற்றரிக்கு வேண்டுவதோ நேரோட்டம். ஆதலின் டயோட்டுகள் மின்னை ஒரு திசையிலேயே செல்லவிடுகின்றன. பற்றரியின் மின் பின்னோக்கி வடியாமலும் காக்கின்றன. மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களின் டைனமோவுக்கு இதற்கெனத் தனிச்சாவி ஒன்று வேண்டியிருந்தது.

எஞ்சின் விரைந்தால் மின்னழுத்தம் ஏறும், தளர்ந்தால் இறங்கும். இதனை அடக்கி ஆள்வது றெகுலேற்றர். அழுத்தம் ஏறும்போது மின்காந்தத்துக்குச் செல்லும் ஓட்டத்தை அது குறைக்கும், இறங்கும்போது கூட்டும். இவ்வாறு ஏறத்தாழ 14 வோல்ற்றில் நிறுத்தும். வெறுமையான பற்றரி முதலில் மிகுந்த ஓட்டத்தை இழுக்கும். நிறைய நிறைய, பசியாறிய பிள்ளை சோற்றை மறுப்பதுபோலத் தானே குறைத்துக்கொள்ளும்.

றெகுலேற்றர் பழுதுற்று அழுத்தம் மிகுந்தாலோ, பற்றரியின் நீர் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிந்து போகும்; தகடுகள் வெளிப்பட்டு அழியும். அவ்வாயு தீப்பொறி பட்டால் வெடிக்கும். அமிலம் கண்ணிலே தெறிக்கும். ஆகையால் பற்றரியின் அருகே பீடி, சுருட்டு, தீக்குச்சி ஒன்றும் ஆகா. ஊட்டம் குறைந்தாலும் கேடே. தகடுகளில் ஈயசல்பேற்று இறுகிப் பின்னர் எளிதிற் கரையாது. கச்சான் வீசும் வெயிற்காலத்து வெப்பமும் பற்றரியின் ஆயுளைக் குறைக்கும்.

மாமாங்கேஸ்வரர் ஆலயத்து ஆடியமாவாசைத் தீர்த்தத்தை எண்ணுங்கள். சனநெரிசலில் ஊர்ந்து செல்லும் வண்டியின் எஞ்சின் மெதுவாகவே சுழலும். விளக்கும் விசிறியும் வானொலியும் இயங்கினால் பற்றரி பெறுவதிலும் இழப்பது மிகலாம். மறுநாட் காலை வண்டி எழும்பாவிடில் உடனே பற்றரியைப் பழிக்கலாமா?

ஆகவே மூன்று செயல்களை வழக்கமாக்குவோம்.

முதலாவது, மீற்றர்கொண்டு அளத்தல். 12 வோல்ற்றுப் பற்றரி நன்கு நிறைந்து, சில மணிநேரம் ஓய்ந்திருந்தால் 12.6 வோல்ற்றளவு காட்டும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை நிற்றல் நன்று. 13க்குக் கீழாயின் பட்டியையும் இணைப்புகளையும் அல்ரனேற்றரையும் பார்க்கவேண்டும்; 15ஐத் தாண்டினால் றெகுலேற்றரைப் பார்க்கவேண்டும். கணினி ஆளும் புதிய வண்டிகளில் இவ்வளவுகள் சற்று மாறும்.

இரண்டாவது, மூடி திறக்கும் பற்றரிக்குக் காய்ச்சி வடித்த நீரையே விடுதல். கிணற்று நீரும் வாவி நீரும் உப்பைக் கொண்டுவரும்.

மூன்றாவது, எஞ்சின் ஓடும்போது பற்றரி இணைப்பைக் கழற்றாதிருத்தல். டைனமோக் காலத்தவர் சிலர் இவ்வாறு சோதிப்பதுண்டு. அல்ரனேற்றர் வண்டியில் இது சடுதியான மின்னழுத்தத்தை எழுப்பி, டயோட்டுகளையும் மின்னணுக் கருவிகளையும் எரித்துவிடும்.

அன்பரின் வானுக்கு றெகுலேற்றர் மாற்றப்பட்டது. மீற்றர் 14.2 காட்டியது. புதிய பற்றரி பிழைத்தது. இன்னொரு கடனும் நீங்கிற்று. இளைஞர்களே, நம்மூரில் உழைத்துண்பவர் எவரும் பற்றரிக்காகப் பணம் கொடுக்குமுன், ஒரு மீற்றருடன் அவர் பக்கத்தில் போய் நிற்போம். அதுவும் ஒரு தொண்டே.